எட்டுச் சக்கரமும் தரை தொட்டன

காட்பாடியில் என் வீட்டில் துண்டு துண்டாக ஒட்டிச் செய்த, ஸ்கட் என்ற சோவியத் ஏவுகணையைச் சுமக்கும் வண்டியின் 1/35 அளவு மாதிரியில், எட்டுச் சக்கரங்களில் ஒன்று தரையைத் தொடவில்லை. அச்சுகளை உப்புத்தாளால் தேய்த்தும் சக்கரங்களை இடம் மாற்றியும் நான்கு நாள்கள் வீணாயின.

பிறகுதான், வண்டியைத் திருப்பி வைத்தால் வேறொரு சக்கரம் தூக்குவதைக் கவனித்தேன். என் மர மேசையே கோணலாக இருந்திருக்கிறது. சமையலறைக் கிரானைட் மேடையில் வைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் பேருந்துச் சீட்டை நுழைத்துப் பார்த்தபோது, மூலைக்கு மூலை எதிரான இரண்டு சக்கரங்களின் அடியில் அது தடையின்றிப் புகுந்தது. அடிச்சட்டம் முறுக்கியிருந்தது. வேலூர் வெயில் விழும் சன்னலோரம் காயவைத்ததே காரணம் என்று நினைக்கிறேன்.

குறுக்குச் சட்டங்களை மெல்லிய ரம்பத்தால் அறுத்துப் பிரித்து, அதே மேடையில் தடித்த புத்தகங்களைப் பாரமாக ஏற்றி, மீண்டும் ஒட்டி இரண்டு நாள்கள் தொடாமல் விட்டேன், சரியாயிற்று. சுமார் 32 செ.மீ. நீள ஏவுகணை இரண்டு ஓட்டுநர் அறைகளுக்கு நடுவே படுப்பதால், சிறு முறுக்கும் அங்கே பளிச்செனத் தெரிந்திருக்கும்.