கிம்ச்சி ஊறுகாய் அல்ல: வீட்டில் போடுபவர்கள் தவறும் இடங்கள்

கொரிய நாடகங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, கோஸை உப்பிட்டு மசாலா தடவிப் புளிக்க வைக்கும் கிம்ச்சியை வீட்டிலேயே போடுகிறவர்கள் இப்போது நம் ஊரில் நிறையப் பேர். போட்டுப் பார்த்தவர்கள் என்னிடம் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "காரம் இருக்கு, உப்பு இருக்கு, ஆனா கிம்ச்சி மாதிரி இல்ல." காரணம் நம் கைப்பழக்கம். ஊறுகாய் போடும் அதே கையோடு கிம்ச்சியும் போடுகிறோம். உண்மையில் கிம்ச்சிக்கு நெருங்கிய உறவு இட்லி மாவுதான். மாவைப் பொங்க வைப்பதில் பெரும் பங்குள்ள லியூகோனாஸ்டாக் மெசென்டராய்டஸ் என்ற பாக்டீரியாவேதான் கிம்ச்சியிலும் முதலில் வேலையைத் தொடங்குகிறது. மாவு புளிப்பது போல அது தானாகப் புளிக்க வேண்டும்.

இது புரிந்துவிட்டால் வினிகர் ஊற்றத் தோன்றாது. வினிகரோ எலுமிச்சையோ சேர்த்தால் அன்றைக்கே புளிப்பு வந்துவிடும். ஆனால் பாக்டீரியா மெல்ல மெல்ல உண்டாக்கும் அந்தச் சுறுசுறுப்பான புளிப்பு வராது.

அதிகம் பேர் தவறுவது உப்பில். கோஸை நறுக்கி, தூள் உப்பைத் தூவி, அரை மணி நேரத்தில் மசாலாவைப் பிசைந்துவிடுகிறார்கள். அப்புறம் ஜாடிக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டு, மசாலா நீர்த்து, இலை சவசவவென்று ஆகிவிடுகிறது. கொரியாவில் இதற்குக் கடல் உப்பைப் பரல் பரலாகவே எடுப்பார்கள். நம்மிடம் கல் உப்பு இருக்கிறதே, அது போதும். கோஸின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாப்பா எனப்படும் நீள கோஸை நான்காகப் பிளந்து, ஒவ்வோர் இலைக்கு நடுவிலும் தூவ வேண்டும். தடித்த வெள்ளைத் தண்டுப் பக்கம் தாராளமாக, மெல்லிய நுனிப் பக்கம் கொஞ்சமாக. நாலைந்து மணி நேரத்தில், நடுநடுவே புரட்டிவிட்டால், ஊறிவிடும். கடிகாரத்தைவிடத் தண்டை நம்புங்கள்: வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும். பிறகு மூன்று தண்ணீரில் அலசி, ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். சற்றுத் தூக்கலான உப்பு இருந்தால் சரி. கவிழ்த்து வைத்து வடிய விட வேண்டும். இங்கேயும் ஊறுகாய்ப் பழக்கம் குறுக்கே வரும். ஈரம் ஆகாது என்று வெயிலில் காய வைப்பார்கள், ஒட்டப் பிழிவார்கள். வேண்டாம். மிச்சமிருக்கும் அந்தச் சாறில் மூழ்கித்தான் கிம்ச்சி பக்குவமாக வேண்டும்.

மிளகாய்க்கு வருவோம். கொரியர்கள் போடும் கொச்சுகாரு விதை நீக்கிய, நொறுங்கலான, காரம் குறைந்த மிளகாய்த்தூள். அதே அளவுக்கு நம் குண்டூர் மிளகாய்த்தூளைக் கொட்டினால் வாயில் வைக்க முடியாது. காஷ்மீரி மிளகாயை விதை எடுத்துக் கொரகொரப்பாகப் பொடித்தால் ஓரளவு நெருங்கிவிடலாம். நம்மைப் போலவே கொரியர்களுக்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த பொருள்தான். அதற்கு முன்பே அவர்கள் உப்பில் காய்கறியைப் புளிக்க வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். இன்றும் மிளகாயே இல்லாத பெக் கிம்ச்சி, அதாவது வெள்ளைக் கிம்ச்சி, அங்கே சாதாரணம். ஆகவே காரம் குறைந்தால் கிம்ச்சி கெட்டுவிடாது.

மசாலா இலையில் ஒட்டுவதற்கு அரிசி மாவுக் கஞ்சி வேண்டும். அதை நன்றாக ஆற விட்ட பிறகே கலக்க வேண்டும். மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ பிடிக்காதவர்கள் சோயா சாஸ் ஊற்றலாம். கொரியாவின் பௌத்த மடங்களில் மீனும் இல்லாமல் பூண்டும் இல்லாமல்தான் போடுகிறார்கள்.

ஜாடியைக் கழுத்து வரை நிரப்பி இறுக்கி மூடுவது இன்னொரு தவறு. புளிக்கும்போது கரியமில வாயு வரும். கால் பங்கு காலியாக விடுங்கள், ஜாடியைத் தட்டில் வையுங்கள், வெளியே இருக்கும் வரை தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து கோஸைச் சாறுக்குள் அமுக்கிவிடுங்கள்.

எத்தனை நாள் வெளியே வைப்பது என்பதில் கொரியச் செய்முறையை அப்படியே பின்பற்றக் கூடாது. அவர்கள் குடும்பமாகக் கூடி ஆண்டுக் கிம்ச்சி போடும் கிம்ஜாங், நவம்பர் மாதக் குளிரை ஒட்டி நடப்பது. 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வழக்கம் அது. ஜாடிகளை மண்ணில் புதைத்து, ஏறக்குறைய உறைநிலைக் குளிரில் மாதக்கணக்கில் புளிக்க வைத்தார்கள். இப்போது அதே குளிரைத் தருவதற்கென்றே தனி ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறார்கள். "இரண்டு நாள் வெளியே வையுங்கள்" என்று அவர்கள் சொல்வது அந்த ஊர் அறையின் சூட்டுக்கு. சென்னைச் சித்திரை வெயிலில் ஒரு பகலே போதும். குமிழி கிளம்பி, மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று சத்தம் வந்தால் உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். உள்ளேயும் மெதுவாகப் புளித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு மாதம் கழித்துப் புளிப்பு ஏறியதும் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுகிறார்களே, அதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம். பஞ்சுபோலப் பூசணம் பூத்திருந்தால் கொட்டத்தான் வேண்டும். வெறும் புளிப்பு என்றால் அது கிம்ச்சி ஜிகே என்ற குழம்புக்கான பக்குவம். புளித்த கோஸை எண்ணெயில் வதக்கி, ஜாடிச் சாறையும் தண்ணீரையும் ஊற்றிக் கொதிக்க விட்டு, டோஃபு துண்டுகளைப் போட்டு இறக்குங்கள். புதுக் கிம்ச்சியில் இந்தக் குழம்பு ருசிப்படாது.