தார் மணம் போவதற்குள் வெட்டாதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒழுங்கைக்குக் காபட் (தார்) போட்டால், "இனி எப்ப வெட்டுவாங்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. குடிநீர்க் குழாய் நீர் வழங்கல் சபையுடையது, கழிவுநீர் மாநகர சபையுடையது, மின்கம்பி மின்சார விநியோக நிறுவனத்துடையது. காலி வீதி போன்ற பிரதான வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் சேரும். நாலு பேரும் ஒரே குழியில் வேலையை முடிக்காமல் காபட் போடுவதுதான் முதல் தவறு.

அடுத்தது, பழைய வரைபடத்தை நம்பி, மண் தோண்டும் பேக்கோவை இறக்குவது. கொழும்பின் கழிவுநீர்க் குழாய்களில் பல, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் போட்டவை. அதற்குப் பிறகு எத்தனையோ கைகள் அந்த மண்ணைக் கிளறிவிட்டன. இயந்திரம் வருவதற்கு முன் அங்கங்கே கையால் சோதனைக் குழி தோண்டிப் பார்த்தால், கேபிளும் பிழைக்கும், ஆளும் பிழைப்பார்.

பெரிய குழாயை மாற்றிவிட்டு, அதிலிருந்து மீட்டருக்கு வரும் துருப்பிடித்த இணைப்பை அப்படியே விடுவதும் உண்டு. கசிவு அங்கேதான் தொடரும். அழுத்தம் குறையும் நேரத்தில் வெளி அழுக்கும் அந்த ஓட்டை வழியாகவே உள்ளே வரும்.

ஆனால் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது குழியை மூடும் விதம். தோண்டிய ஈரக்களியையே திரும்பக் கொட்டி, பேக்கோ வாளியால் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒக்டோபர் மழை இரண்டு விழுந்ததும் அந்த இடம் நீளவாக்கில் உள்வாங்கும், முச்சக்கரவண்டி துள்ளும். குழாயைச் சுற்றி மணல், மேலே எச்சரிக்கை நாடா, அப்புறம் 15–20 சென்றிமீற்றர் மண் போட்டு இறுக்கி, அடுத்த அடுக்கு. நேரம் பிடிக்கும்தான். ஆடிவேல் திருவிழா ரதம் வரும் காலத்தில் காலி வீதியில் குழியைத் திறந்து வைத்துக்கொண்டு அவசரப்படுவதைவிட, நாளைப் பார்த்து வேலையைத் தொடங்கலாம்.

பழைய தாரைச் சுரண்டாமல் மேல் மேலாகக் காபட் போட்டால் வீதி உயரும், வீட்டு வாசல் தாழும். வெள்ளம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் பக்கத் தவறும் ஒன்று: கூரைப் பீலியைக் கழிவுநீர்க் குழாயில் இணைப்பது. மழைநீருக்குக் கான் (வடிகால்) தனியாக இருக்கிறது. கலந்துவிட்டால், அடைமழையில் ஒழுங்கையின் தாழ்ந்த வீட்டு மலசலகூடத்தில் எல்லாம் பொங்கி வரும்.

சரி, உங்கள் வாசலில் குழி வெட்டினால், மூடுவதற்கு முன் மதிலிலிருந்து அளவுநாடாவைப் பிடித்து, குழாய் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள்; அடுத்து வெட்ட வருபவருக்குக் குழாய் எங்கே என்று காட்டலாம்.