ஈமு எண்ணெய் வீக்கத்தைத் தணிக்கிறதா: எலியின் பாதத்தில் சோதிக்கும் முறை

ஆஸ்திரேலியப் பழங்குடியினர் வலிக்கும் மூட்டுகளுக்கும் காயங்களுக்கும் ஈமுப் பறவையின் கொழுப்பை நெடுங்காலமாகத் தேய்த்து வந்துள்ளனர். அந்த வழக்கத்தை ஆய்வகத்தில் சோதிக்க விரும்பும் மருந்தியல் மாணவர் எலிகளை வாங்குவதற்கு முன்பே எண்ணெயைத் தெரிந்துகொள்ள வேண்டும். பறவை தின்ற தீவனம், கொழுப்பை உருக்கிய சூடு, சேமித்து வைத்த காலம் ஆகியவற்றைப் பொறுத்து எண்ணெயின் தன்மை மாறும். 1990-களில் ஆஸ்திரேலியாவில் எலிகளில் நடந்த ஆய்வுகளிலேயே சில எண்ணெய்கள் நன்கு வேலை செய்தன, சில அவ்வாறு செய்யவில்லை. ஆகவே கொழுப்பு அமிலங்களின் விகிதத்தையும், எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டும் பெராக்சைடு மதிப்பையும் அளந்து குறித்துவிட்டு, ஒரே தொகுதி எண்ணெயை முழுச் சோதனைக்கும் ஒதுக்குங்கள். சிக்கு வாடை அடிக்கும் எண்ணெய் தானே தோலை உறுத்தும்.

நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகே அடுத்த படி. பாதத்தில் வீக்கத்தை உண்டாக்கி அளக்க, 1962-இல் விண்டர், ரைஸ்லி, நஸ் ஆகியோர் வகுத்த முறை இங்கே பொருந்தும். செம்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனனை 1 விழுக்காட்டுக் கரைசலாக்கி, 0.1 மி.லி. அளவு பின்னங்காலின் உள்ளங்காலில் செலுத்தினால், 3 முதல் 5 மணி நேரத்தில் பாதம் உச்சமாக வீங்கும்.

எலிகளை ஆறு ஆறாக நான்கு குழுக்களாகப் பிரியுங்கள்: எதுவும் தடவாதது, ஆலிவ் எண்ணெய், ஈமு எண்ணெய், வீக்கத்தைத் தணிக்கும் மருந்தான டைக்ளோஃபெனாக் ஜெல். இரண்டாவது குழுவைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தேய்ப்பதே ஒரு சிகிச்சை என்பதால், அக்குழு இல்லையெனில் நீங்கள் அளப்பது விரலின் வேலையா கொழுப்பின் வேலையா என்பது விளங்காது. ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, மூன்று குழுக்களுக்கும் ஒரே அளவை எடுத்து, ஆள்காட்டி விரலால் ஐம்பது முறை மென்மையாகத் தேய்க்க வேண்டும். எலி உடனே பாதத்தை நக்கத் தொடங்கும். அப்படி நக்கினால் பூச்சு மருந்து உள்மருந்தாகிவிடும் என்பதால் கழுத்துப் பட்டை அணிவியுங்கள். 2012-இல் ஈரோடு மாவட்டத்து ஈமுப் பண்ணைகள் நொடித்துப் பலரின் சேமிப்பு கரைந்ததைப் பார்த்தவர்கள் நாம். இந்தப் பறவையைப் பற்றிச் சொல்லப்படும் எதையும் அளந்து பார்க்கும் பொறுப்பு நமக்குக் கூடுதலாகவே உண்டு.

கணுக்காலில் மையால் கோடிட்டு, எண்ணெயைப் பஞ்சால் துடைத்துவிட்டு, அந்தக் கோடுவரை பாதத்தைப் பிளெத்திஸ்மோமீட்டரில் (பாதம் விலக்கும் திரவத்தைக் கொண்டு அதன் கன அளவைக் காட்டும் கருவியில்) அமிழ்த்தி, ஊசிக்கு முன்பும் பின்னர் மணிக்கொரு முறையும் கன அளவைக் குறியுங்கள். எந்த எலி எந்தக் குழு என்பதை அறியாதவரே அளவெடுக்க வேண்டும். ஈமு எண்ணெயை ஆலிவ் எண்ணெய்க் குழுவோடு ஒப்பிட்டே குறைவு விழுக்காட்டைக் கணக்கிடுங்கள்.

வீக்கம் வடிந்தாலும் வலி குறைந்தது என்று எழுதிவிடலாகாது. அதற்கு, வீங்கிய பாதத்தின்மேல் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி, எலி காலை இழுக்கும் கணத்தைக் குறிக்கும் ராண்டால்-செலிட்டோ சோதனையைத் தனியே நடத்துங்கள்; காலை இழுத்த அக்கணமே அழுத்தத்தை விடுவித்துவிட வேண்டும்.