நெடுந்தூர மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு எந்த உறை? நம் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் ரெக்சினைத் தேர்ந்தெடுக்கும் முறை

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். சுங்கை பூலோவில் கொளுத்தும் வெயில், தாப்பா பக்கம் அடைமழை, ஈப்போ தாண்டியதும் மறுபடி வெயில். ஒரே பயணத்தில் சீட்டு நனைந்து காய்ந்து திரும்பவும் நனையும். ஸ்பாஞ்சைப் பார்த்துப் பார்த்துச் செதுக்குகிறவர்கள்கூட உறையில் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் கடையில் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து வாங்குகிறார்கள். உறையில் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: அது எவ்வளவு இழுபடும், தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகும். நிறம், வேலைப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சீட்டின் வடிவம் தயாரான பிறகு செய்யும் வேலை இது. பழைய உறையைக் கழற்றுவதையும் ஸ்பாஞ் வெட்டுவதையும் இங்கே சொல்லப் போவதில்லை.

படி 1: வேண்டாதவற்றை முதலில் ஒதுக்குங்கள்

பியூ லெதர். கடையில் தொட்டுப் பார்த்தால் இதுதான் மிருதுவாக இருக்கும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். மலிவான பியூ பெரும்பாலும் பாலியெஸ்டர் வகை பாலியூரித்தேன் பூச்சு. காற்றில் இருக்கும் ஈரமே அந்தப் பூச்சின் மூலக்கூறு இணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். யாரும் அதிகம் உட்காராத வீட்டு சோபாகூட நாலைந்து வருடத்தில் தோலுரிந்து செதில் செதிலாகக் கொட்டுவது இதனால்தான். பாலிகார்பனேட் வகைப் பியூ ஈரத்தைத் தாங்கும். ஆனால் சில்லறைக் கடையில் எது எந்த வகை என்று சொல்லக்கூடியவர்கள் குறைவு. தயாரிப்பாளரின் தாளில் எழுத்தில் இல்லையென்றால் தொடாதீர்கள்.

அசல் தோல் வீட்டுக் கூரையடியில் நின்று, எப்போதாவது வெளியே வரும் மோட்டாருக்குச் சரி. தினமும் வேலைக்குப் போகிற வண்டியும் அதுதான் என்றால் வேண்டாம். தோலே தண்ணீரை உறிஞ்சும், ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

மெல்லிய மயிர்ப்பரப்புள்ள அல்காந்தாரா, சூயிட் வகைகள் மழையில் ஊறும் என்பது எல்லாருக்கும் தெரிந்த குறை. அதைவிடப் பெரிய குறை, அவை கால்சட்டையைப் பிடித்துக்கொள்வது. நெடும்பயணத்தில் அவ்வப்போது இடுப்பை முன்னும் பின்னும் நகர்த்தி உட்கார்ந்தால்தான் வலி தள்ளிப்போகும். அதற்குச் சற்று வழுக்கும் உறைதான் உதவும். ரேஸ் சீட்டின் தேவை வேறு, அதை இங்கே காப்பியடிக்காதீர்கள்.

துளையிட்ட ரெக்சின் கார் சீட்டுக்கானது. மோட்டாரில் ஒவ்வொரு துளையும் மழைக்கு ஒரு வாசல்.

மிஞ்சுவது பின்னல் துணி முதுகு கொண்ட பிவிசி ரெக்சின். அதிலும் என் முதல் தேர்வு படகு இருக்கைகளுக்கென்று விற்கும் மரைன் வகை. புற ஊதாக் கதிரையும் பூஞ்சையையும் தடுக்கும் சேர்மானங்கள் அதில் கூடுதலாக இருக்கும். சாதாரண பிவிசி வெயிலில் நிற்க நிற்க, அதை மிருதுவாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல வெளியேறிவிடும். பிறகு விறைத்துப்போய், மடிப்பு இருக்கும் இடத்தில் வெடிக்கும். கெட்டி 0.8 முதல் 1.2 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கு 1 மில்லிமீட்டர்தான் கைக்கு அடங்கும்.

விற்பனைத் தாளில் தேய்மானச் சுற்று எண்ணை, அதாவது எத்தனை தேய்ப்பைத் தாங்கும் என்பதை, பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதில் மயங்க வேண்டாம். மோட்டார் சீட்டு தேய்ந்து கெடுவது அபூர்வம். தையல் விட்டு, வெயிலில் விறைத்து, அடியில் தண்ணீர் ஊறித்தான் கெடுகிறது.

படி 2: கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

குஷன் கடையில் உள்ளங்கை அளவு துண்டு கேட்டால் கொடுப்பார்கள். முதலில் முதுகைப் புரட்டிப் பாருங்கள். பனியன் துணி மாதிரிக் கண்ணி கண்ணியாக இருந்தால் பின்னல், இழுபடும். குறுக்கும் நெடுக்குமாக நெய்த துணி இழுபடாது, அதை வைத்துவிடுங்கள். துணியே இல்லாத வெறும் ரெக்சின் ஸ்டேபிள் அடித்த இடத்தில் கிழியும்.

அடுத்து, பேனாவால் 10 சென்டிமீட்டர் குறித்து இரு கையாலும் இழுங்கள். ஒரு திசையில் 11.5 வரையாவது வர வேண்டும், மறு திசையில் 11 வந்தால் போதும். எந்தத் திசையில் அதிகம் வருகிறது என்று துண்டின் முதுகில் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ரோலின் அகல வாக்கில் இருக்கும். இந்த அம்புக்குறி படி 3இல் தேவைப்படும்.

பிறகு துண்டை இரண்டாக மடித்து நகத்தால் அழுத்தித் தேயுங்கள். பிரித்ததும் வெள்ளைக் கோடு நின்றுவிட்டால் பழைய சரக்கு அல்லது மட்டமான சரக்கு.

பிவிசியா பியூவா என்று சந்தேகம் வந்தால் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் ஒரு சோதனை செய்யலாம். செம்புக் கம்பியை கேஸ் சுடரில் சிவக்கக் காய்ச்சி, ரெக்சினை லேசாகச் சுரண்டி அந்த இடத்தில் தொட்டு, கம்பியை மறுபடி சுடரில் பிடியுங்கள். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது, ஆகவே பிவிசி. புகை நச்சு என்பதால் நகத்தளவுத் துண்டு போதும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வாங்குவது? ரோலின் அகலம் பொதுவாக 137 சென்டிமீட்டர். இருவர் அமரும் சீட்டு 75 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், முன்னும் பின்னும் மடிக்க 10, 10 சேர்த்து 95 ஆகிறது. அதை ரோலின் அகலத்தில் படுக்க வைக்கலாம். சீட்டின் அகலம் 35, இரு பக்கச் சரிவும் அடிமடிப்பும் சேர்ந்து இன்னொரு 35, ஆக 70. எனவே ஒன்றரை மீட்டர் வாங்கினால் இரண்டு உறை வெட்டலாம். ஒன்று ஒத்திகைக்கு, ஒன்று நிஜத்துக்கு. ஒரு மீட்டரோடு நிறுத்தி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

படி 3: பள்ளத்தை அளங்கள்

மற்ற படிகளை அவசரமாகச் செய்தாலும் சமாளித்துவிடலாம். இதில் மட்டும் முடியாது.

நெடும்பயண சீட்டில் ஓட்டுநர் அமரும் இடம் குழிவாக இருக்கும். நீளவாக்கில் பார்த்தால் கீழே வளையும், குறுக்குவாக்கில் பார்த்தால் இரு பக்கமும் சரியும். தட்டையான எந்தத் தாளும் இந்த வடிவத்தில் தானாகப் படியாது. முன்னும் பின்னும் இறுக்கி இழுத்தால் உறை பள்ளத்தின் மேல் பாலம் கட்டிவிடும், அடியில் ஸ்பாஞ்சுக்கும் உறைக்கும் நடுவே காற்று நிற்கும். நீங்கள் அமரும்போது எடையை முதலில் வாங்குவது அந்த இறுகிய ரெக்சின். மாதக்கணக்கில் செதுக்கிய குழிவும் உள்ளே வைத்த ஜெல் பட்டையும் உங்கள் உடம்பைச் சரியாகத் தொடுவதே இல்லை. ‘ஸ்பாஞ் நல்லாத்தான் இருந்தது, உறை போட்டதும் கல்லாயிடுச்சு’ என்று சொல்கிறவர்களின் சீட்டில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

சீட்டின் மூக்கு, அதாவது முன்முனை, அதன் உச்சியிலிருந்து, பின்னால் மேடு எழத் தொடங்கும் இடம் வரை ஒரு நேர்ச்சட்டத்தைப் படுக்க வையுங்கள். சட்டத்திலிருந்து பள்ளத்தின் அடிவரை அளங்கள்.

2 சென்டிமீட்டர் வரை இருந்தால் நன்றாக இழுபடும் ரெக்சினில் ஒரே துண்டாகப் போடலாம். 2க்கு மேல் 4க்குள் என்றால் மேல்தட்டைத் தனியாகவும் பக்கங்களைத் தனியாகவும் வெட்டித் தைப்பதுதான் என் பரிந்துரை. கைதேர்ந்தவர்கள் ஒரே துண்டிலும் இழுத்து முடிப்பார்கள், முதல் முறை செய்கிறவர் முயல வேண்டாம். 4க்கு மேல் போனாலோ, பின்னிருக்கை படியாக எழும்பி நின்றாலோ தையல் இல்லாமல் வழியே இல்லை.

பக்கத் துண்டு ஏன் உதவுகிறது? குழிவின் ஓரத்திலிருந்து கீழே இறங்கும் சரிவைக் கவனியுங்கள். அதன் கீழ் விளிம்பு மேல் விளிம்பைவிட நீளம். ஒரே துண்டாகப் போட்டால் அந்த நீள வித்தியாசத்தை ரெக்சின் இழுபட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும். தனித் துண்டாக இருந்தால் வளைவாக வெட்டிவிடலாம், இழுக்க வேண்டியதே இல்லை. ஒரே துண்டு போடுகிறவர்கள், அதிகம் இழுபடும் திசையின் அம்புக்குறி சீட்டின் நீளவாக்கில் இருக்கும்படி வெட்ட வேண்டியதும் இதே காரணத்தால்தான். மேலே சொன்ன கணக்கில் சீட்டின் நீளத்தை ரோலின் அகலத்தில் வைத்ததும் அதற்காகவே. தைக்கக் கொடுத்தால் துணி மிச்சமாகிற திசையில் வெட்டிவிடுவார்கள், முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

ஒத்திகை: முதல் துண்டைச் சீட்டின் மேல் போட்டு, பள்ளத்தின் இரு பக்கமும் நாலைந்து தற்காலிக ஸ்டேபிள் அடியுங்கள். முன்னும் பின்னும் தளர்வாகவே இருக்கட்டும். உள்ளங்கையைப் பள்ளத்தில் வைத்து 10 விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். ரெக்சின் அங்கேயே நின்றால் தேறிவிட்டது. மெல்ல மேலே எழும்பினால் விரலால் தட்டிப் பாருங்கள். தப்பு மேளம் அடித்தாற்போல் டப்பென்று கேட்டால் அடியில் காற்று இருக்கிறது. பக்க இழுப்பைக் கூட்டி, முன்பின் இழுப்பைத் தளர்த்தி இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் எழும்பினால் தையல் வழிக்கே போய்விடுங்கள்.

பள்ளத்தில் கம் அடித்து ஒட்டி வைக்கலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். கறுப்பு சீட்டு நண்பகல் வெயிலில் கை வைக்க முடியாதபடி சுடும், அந்தச் சூட்டில் கம் இளகும். ரெக்சினிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசரும் கம்மை வலுவிழக்கச் செய்யும். நாளடைவில் பள்ளத்தின் நடுவே கொப்புளம் எழும்.

படி 4: தையலை எங்கே விடுவது

4 மில்லிமீட்டர் தையல் என்றால் மீட்டருக்கு 250 துளை. அழகுக்காக இரு பக்கமும் மேல்தையல் ஓட்டினால் 750. அத்தனையும் தண்ணீருக்கு வழி. மேல்தையல் இல்லாத எளிய தையலைத்தான் மழை ஊருக்குச் சொல்வேன். உறுதி வேண்டுமென்று 2 மில்லிமீட்டராகக் குறைத்தால் துளைகள் நெருங்கி, அந்தக் கோட்டிலேயே ரெக்சின் கிழியும்.

பள்ளத்தின் அடியில் தையல் வரவே கூடாது, மழை நின்றபின் தண்ணீர் தேங்குவது அங்கேதான். இடுப்பெலும்பு அழுந்தும் இடத்திலும் கூடாது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, அட்டைப் பெட்டியின் நெளிஅட்டையைக் கெட்டியான நாற்காலியில் வைத்து ஒரு நிமிடம் உட்காருங்கள். இரண்டு அழுத்தக் குழிகள் விழும். நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து சீட்டில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

நூலை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பாண்டட் பாலியெஸ்டர், டெக்ஸ் 70 கனம், ஊசி 110/18. நைலான் நூல் உறுதிதான், ஆனால் வெயிலில் பாலியெஸ்டரைவிட வேகமாக வலுவிழக்கும். வீட்டுத் தையல் மெஷினில் இதை முயல வேண்டாம். பாதம் ரெக்சினில் ஒட்டிக்கொண்டு தையல் சீராக நகராது. வெட்டிய துண்டுகளை, பாதமும் துணியோடு சேர்ந்து நகரும் வாக்கிங் ஃபுட் மெஷின் வைத்திருக்கும் குஷன் கடையில் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

படி 5: தண்ணீர்த் தடுப்பு

தைத்த உறையைப் புரட்டி, உள்விளிம்புகளை விரித்துப் படியவைத்து, அதன் மேல் 2.5 சென்டிமீட்டர் அகலத்தில் ரெக்சின் பட்டையைக் கம் போட்டு ஒட்டுங்கள். தண்ணீர் வருவதை இது நன்றாகக் குறைக்கும். ஸ்பாஞ்சின் மேல் மெல்லிய பாலித்தீன் தாளையும் போர்த்தலாம். ஆனால் அடிப்பக்கம் முழுக்க மூடிவிடாதீர்கள். உட்காரும்போது ஸ்பாஞ்சிலிருந்து காற்று வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு உப்பி நிற்கும். சீட்டின் அடித்தட்டில் இருக்கும் வடிகால் துளைகளையும் ரெக்சின் மறைக்கக் கூடாது. எவ்வளவு அடைத்தாலும் கொஞ்சம் தண்ணீர் போகத்தான் செய்யும், அது வெளியே வரவும் வேண்டும்.

படி 6: ஸ்டேபிள் அடிப்பது

ரெக்சினை வெயிலில் பத்து நிமிடம் காய வைத்தால் மிருதுவாகும். நம் ஊரில் ஹீட் கன் தேவையில்லை, சூடு மிஞ்சினால் மேலே இருக்கும் வரி வேலைப்பாடு அழிந்து பளபளத்துவிடும். மேகமூட்டமாக இருந்தால் முடி உலர்த்தி போதும்.

மூக்கின் நடுவில் ஒன்று, பின்னால் நடுவில் ஒன்று, பிறகு பள்ளத்தின் இரு பக்கமும். அங்கிருந்து வெளிநோக்கி இடம் வலமாக மாற்றி மாற்றி 5 சென்டிமீட்டர் இடைவெளியில் அடித்து, சுருக்கம் இல்லை என்று உறுதியானபின் நடுவில் நிரப்புங்கள். மூலைகள் கடைசி. ஸ்டேபிள் கால் நீளம் 6 மில்லிமீட்டர், துருப்பிடிக்காத எஃகு. தஞ்சோங் தோக்கோங், பத்து ஃபெரிங்கி என்று கடலோரத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் இதில் சமரசம் செய்யவே கூடாது. உப்புக்காற்றில் சாதாரண ஸ்டேபிள் துருப்பிடித்து, உறை அங்கங்கே கழன்றுவிடும்.

வாசகர் கேள்விகளுக்குப் பிறகு சேர்த்தவை

வெளிர் நிறம் சூடு குறைவு, உண்மைதான். ஆனால் நனைந்த ஜீன்ஸின் நீலச்சாயம் வெளிர் ரெக்சினில் ஏறினால் இறங்காது. அடர் சாம்பல் நல்ல நடுவழி.

வலைத்துணி உறையை மேலே மாட்டலாமா? வெயிலில் காற்றோட்டத்துக்கு அருமை. கழற்றி மாட்டும் வகையாக வாங்கி, ரெக்சின் உறைக்கு மேல் போடுங்கள். அதையே நிரந்தர உறையாக வைத்தால் ஸ்பாஞ் ஊறிவிடும்.

சீட்டு பிசுபிசுக்கிறது என்று கேட்டவர்களுக்கு: கொசு மருந்தைக் கையில் தெளித்துக்கொண்டு வண்டியில் ஏறுகிறீர்களா என்று பாருங்கள். அதிலுள்ள டீட் ரெக்சினை இளக்கும். தின்னரும் பெட்ரோலும் போட்டுத் துடைப்பதும் கெடுதல்தான். சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். டயருக்கு அடிக்கும் சிலிக்கான் பளபளப்பை சீட்டில் பூசவே பூசாதீர்கள், அவசர பிரேக்கில் முன்னால் வழுக்கிக்கொண்டு போவீர்கள்.