பச்சையப்பனை விற்ற கதை: வீட்டிலேயே படம் வரையும் அப்பா அம்மாக்கள் தவிர்க்க வேண்டியவை

போன வாரம் சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் ஒரு தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ஓவியம் வரைய ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது அவருக்கு. ஹாலில் உட்கார்ந்து ஒரு படத்துக்கு அவசர அவசரமாக பபுள் ராப் சுற்றிக்கொண்டிருந்தார். "பையன் ஸ்கூல்லேர்ந்து வர்றதுக்குள்ள கூரியர் வந்துடணும்ணே. பார்த்தா அழுவான்" என்றார். எனக்கு அடிவயிற்றைப் பிசைந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தவன் நான்.

டர்பன்டைனைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வை, ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதே, தானாகவே தீப்பிடிக்கும் என்பதையெல்லாம் டப்பாவிலேயே எழுதியிருப்பார்கள். டப்பாவில் எழுதாததை மட்டும் சொல்கிறேன்.

"அஞ்சு நிமிஷம்மா"

பள்ளி விட்டு மதியம் பிள்ளை பசியோடு வந்து நிற்கும்போதுதான் தட்டில் அக்ரிலிக் வண்ணம் ஈரமாக இருக்கும். மின்விசிறிக் காற்றில் கால் மணி நேரத்தில் இறுகிவிடும், விட்டுவிட்டு எழுந்திருக்க முடியாது. "அஞ்சு நிமிஷம்மா" என்போம். முக்கால் மணி ஆகும். பிள்ளைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும் என்பதை மறந்துவிடுகிறோம்.

நான் நிமிஷக் கணக்கையே விட்டுவிட்டேன். "இந்த மேகம் முடியட்டும்" என்பேன். மேகம் முடிந்ததா இல்லையா என்பது என் மகள் கண்ணுக்கும் தெரியும். "மேகம் முடிஞ்சிருச்சு, இப்ப நீங்க மரத்துக்குப் போறீங்க" என்று பிடித்துவிடுவாள். பிடிக்கட்டும்.

சொல்லாமல் விற்பது

தேக்காவில் கிளி சோதிடம் பார்ப்பவர் ஒருவரை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். ஒவ்வொரு பூச்சும் காய நாள்கணக்கில் ஆகும், நம் ஊர் ஈரக்காற்றில் இன்னும் இழுக்கும். நாலு மாதம் அந்தப் படம் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஈசலில், அதாவது படம் நிறுத்தும் தாங்கியில், நின்றது. மகள் அப்போது தொடக்கநிலை ஒன்று. கிளிக்குப் பச்சையப்பன் என்று பெயர் வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் ஈசலின் கீழ்க்கட்டையில் இரண்டு பருக்கை சோறு வைப்பாள். எறும்பு வரும். திட்டுவேன். மறுநாளும் வைப்பாள்.

ஒருவர் 1,800 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கேட்டார். அந்த மாதம் வேறு வருமானம் இல்லை. அவள் பள்ளியில் இருந்தபோது கொடுத்தனுப்பிவிட்டேன், அழுகையைத் தவிர்த்த கெட்டிக்காரன் என்ற நினைப்பில்.

வந்தாள், பையை இறக்கினாள், காலி ஈசலைப் பார்த்தாள். அழவில்லை. "அவங்க வீட்ல சோறு வைப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மூன்று வாரத்தில் அதே படத்தை மறுபடி வரைந்து நிறுத்தினேன். அரை நிமிஷம் பார்த்தாள். "இது அவன் இல்ல. அவனுக்கு ஒரு விரல் வளைஞ்சிருக்கும்." உண்மைதான். முதல் படத்தில் அந்த விரல் எனக்குச் சரியாக வரவில்லை. இரண்டாவதில் திருத்தியிருந்தேன்.

அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் ஈசலுக்கு முதுகைக் காட்டி, நாற்காலியைத் திருப்பிப் போட்டுத்தான் சாப்பிட்டாள். புதிதாக எதையாவது தொடங்கினால், "இதுவும் போயிடுமா?" என்பாள். பெயர் எதுவும் வைக்கவில்லை.

இதைச் சொன்னால், "பிள்ளைங்க மறந்துடும்ணே" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. ஆபீஸ் போகிற அப்பா அங்கே என்ன செய்கிறார் என்று அவர் பிள்ளைக்குத் தெரியாது. நம் பிள்ளை முதல் பென்சில் கோட்டிலிருந்து கூடவே இருந்து பார்க்கிறது. விலை வைப்பது நாமாக இருக்கலாம். படம் அதன் வீட்டில்தானே வளர்ந்தது?

இப்போது வேலையை ஒப்புக்கொண்ட அன்றே சொல்லிவிடுகிறேன்: "இது இன்னொரு வீட்டுக்குப் போற படம்." கூரியர் வருவது அவள் வீட்டில் இருக்கும் நேரத்தில்தான். பபுள் ராப்பை அவள்தான் வெட்டுவாள். படத்தின் பின்பக்கம் பென்சிலால் தேதியும் ஒரு வரியும் எழுதுவாள். மரச்சட்டத்தில் எழுதச் சொல்லுங்கள், துணியில் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும்.

நேஷனல் கேலரிக்கும் கூட்டிப் போனேன். பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் சேர்ந்து 2015இல் கலைக்கூடமாகத் திறந்த இடம். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொதுக் காட்சிக்கூடங்கள் இலவசம். அங்கே நின்று, ஓவியர் லியூ காங் 2003இல் தம்முடைய படைப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை நாட்டுக்கே கொடுத்துவிட்டார் என்று பெருமையாகச் சொன்னேன். "ஆயிரமா? வீட்ல கேட்டுட்டா கொடுத்தாரு?"

பிள்ளையின் படத்தைத் திருத்துவது

தூரிகையைக் கீழே வையுங்கள்.

மிச்சத் தாள்

நாம் சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமுள்ள பருத்தித் தாளில் வரைவோம். பிள்ளைக்குப் பிரிண்டர் தாளை நீட்டுவோம். அதில் நீர்வண்ணம் தொட்டதும் தாள் சுருண்டு, தேய்த்தால் நூல்நூலாக உரியும். நமக்குத் தெரியும், குற்றம் தாளுடையது என்று. பிள்ளை என்ன நினைக்கும்? "அப்பாவுக்கு வருது, எனக்கு வரல." ஓவியப் பொருள் கடை இருக்கும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போகும்போது நல்ல தாள் ஒன்று கூடுதலாக வாங்கி, நாலாகக் கிழித்துக் கொடுங்கள். வீணாக்குவாள். நானும் வாரம் இரண்டு வீணாக்குகிறேன்.

ஜூன்

நான்கு வாரப் பள்ளி விடுமுறை. அந்த மாதக் கடைசியில் முடித்துத் தருவதாக யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள்.

பிள்ளை வரைந்ததை விற்பது

கேட்டுவிட்டு. அவள் இப்போது உயர்நிலை ஒன்று. அவள் வரைந்த பூனையை என் வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். 40 வெள்ளிக்குக் குறையாது, பூனைக்குப் பெயரை மாற்றவும் கூடாது என்கிறாள். விலைக்கு அவர் ஒத்துக்கொண்டார். பெயரில்தான் இழுபறி.