பால் மறக்கடித்தல்: வேலிக்கு இந்தப் பக்கம் கன்று, அந்தப் பக்கம் தாய்

திருகோணமலையின் தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்கள் பலர், தாய்ப்பாலை மறக்கடிக்கக் கன்றைத் தூரத்து வளவில் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். ஒரே நாளில் பாலும் போச்சு, தாயும் போச்சு. கன்று மெலிந்துபோகும். முதலில் பாலை நிறுத்தி, தாயைப் பிறகு பிரித்தால் இரண்டுக்கும் சுகம். அதற்கு ஒரு நல்ல வேலி போதும்.

எப்போது தொடங்கலாம்?

நன்றாகத் தீன் தின்னும் கலப்பினக் கன்றை 3 மாதத்திலேயே மறக்கடிக்கலாம். நாட்டுக் கன்றுக்கு 6 மாதம்வரை பொறுப்பதே என் விருப்பம். கார்த்திகை, மார்கழி மழையில் வேண்டாம். சேற்றில் நிற்கிற கன்றுக்குச் சளி பிடிக்கும். பெரும்போக அறுவடை முடிந்து புது வைக்கோல் வருகிற மாசி, பங்குனி நல்ல காலம்.

முதல் வேலை: தின்னப் பழக்குவது

பிரிப்பதற்கு மூன்று கிழமைக்கு முன்பே இதைத் தொடங்குங்கள். பிறந்த கன்றுக்கு அசைபோடும் வயிறு வேலை செய்யாது. தவிடும் புல்லும் தின்னத் தின்னத்தான் அது வளரும். அது வளராமல் பாலை நிறுத்தினால் கன்று பட்டினிதான்.

பட்டியின் ஒரு மூலையை அடைத்து, தாயின் நெஞ்சு இடிக்கிற உயரத்தில் குறுக்குக் கம்பு ஒன்று கட்டுங்கள். கன்று குனிந்து போய்விடும், தாய் போகாது. உள்ளே அரிசித் தவிடும் கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்து வையுங்கள். கன்று திரும்பிப் பார்க்காவிட்டால், ஈரக்கையில் தவிட்டை ஒட்டி நாக்கில் தடவுங்கள். விரலைச் சப்பத் தொடங்கியதும் கையை மெல்லச் சட்டிக்குள் இறக்குங்கள். மிச்சத்தை அன்றன்றே தாய்க்குப் போட்டுவிடுங்கள். புளித்த தவிடு வயிற்றைக் கழிய வைக்கும். நல்ல தண்ணீர் நாள் முழுக்க இருக்க வேண்டும். யூரியா கலந்த வைக்கோல் கன்றுக்கு ஆகாது.

கலப்பினக் கன்று தொடர்ந்து மூன்று நாள் ஏறக்குறைய ஒரு கிலோ தவிட்டுக் கலவை தின்றால் தயார். நாட்டுக் கன்றுக்கு அதில் கொஞ்சம் குறையலாம். குடற்பூச்சி மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். காயடிப்பது, கொம்பு சுடுவது எதையும் அந்தக் கிழமையில் வைக்காதீர்கள்.

வேலி

கன்று பழகிய இடத்திலேயே நிற்கட்டும், தாயை அடுத்த பக்கம் மாற்றுங்கள். மூக்கோடு மூக்கு உரச முடிய வேண்டும், மடிக்குத் தலை எட்டக்கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் கத்தல் பலமாக இருக்கும், அயல் வீட்டாரிடம் முன்பே சொல்லிவையுங்கள். பிறகு தொண்டை கம்மி, ஒரு கிழமைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். கூட இன்னொரு கன்று நின்றால் இன்னும் நல்லது.

தாயின் மடி

தொடர்ந்து கறக்கப்போகிறீர்களா? நாட்டு மாடு கன்றைக் காணாமல் பால் சுரக்காது. கறக்கும்போது கன்றை அதன் முகத்தருகே கட்டி நக்க விடுங்கள், காம்பில் விடாதீர்கள். கறவையை நிறுத்துவதென்றால் தாயின் தவிட்டைக் குறையுங்கள். மடி சில நாள் விம்மி, தானே வற்றும். மடி சுட்டாலோ, கல்லானாலோ, பால் திரிந்து வந்தாலோ உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள். காம்பில் சாணி பூசுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், மடிநோய்க்கு அதுவே வாசல்.

கத்தல் அடங்கிய பிறகு தாயைத் தூர மேய்ச்சலுக்கு விடலாம். ஒரு மாதத்துக்குப் பிறகு ஒன்றாக விட்டாலும் முதல் நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். சில கன்றுகள் நேரே மடிக்குத்தான் போகும். அவற்றைத் திரும்பவும் வேலிக்கு இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டியதுதான்.