கிருஷ்ணகிரி முதல் தொப்பூர் வரை: காரின் தானியங்கி வேகக் கட்டுப்பாட்டைப் பழகும் முறை

இப்போது விற்பனையாகும் பல கார்களில் ‘அடாஸ்’ என்னும் ஓட்டுநர் உதவி வசதி வருகிறது. ரேடாரும் கேமராவும் கொண்டு, நாம் வைத்த வேகத்தில் ஓடியபடி முன்செல்லும் வண்டியோடு இடைவெளி காப்பதும் (இதுவே தானியங்கி வேகக் கட்டுப்பாடு), காரைச் சாலைக் கோடுகளுக்குள் வைத்திருப்பதும் இதன் வேலை. தானியக்கத்தை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரிப்பார்கள். இவ்விரு வேலைகளையும் சேர்த்துச் செய்யும் கார்கள் 2ஆம் நிலையைச் சேர்ந்தவை. அதாவது, சாலையைக் கவனிக்கும் பொறுப்பு முழுவதும் ஓட்டுநருடையதே.

பெரும்பாலோர் இதை இயக்கத்தான் முதலில் கற்கிறார்கள். நிறுத்தக் கற்பதே முதற்படி என்பேன். வீட்டு வாசலில் கார் நிற்கும்போதே கையேட்டைப் பார்த்து, ரத்து செய்யும் பொத்தான் எங்கே உள்ளது என்பதைக் கண்ணால் தேடாமல் விரல் கண்டுபிடிக்கும் வரை பழகுங்கள். பிரேக்கை மிதித்தால் வசதி விலகிவிடும். ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்தால் விலகாது, காலை எடுத்ததும் மீண்டும் தன் வேலையைத் தொடரும்.

அடுத்து, உள்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமராவின் முன்பகுதிக் கண்ணாடியையும், பெரும்பாலும் முன் கிரில்லிலோ பம்பரிலோ இருக்கும் ரேடாரின் மூடியையும் துடையுங்கள். ஆயுத பூஜைக்குக் கட்டிய மாலையும் வாழைக்கன்றும் ரேடாரை மறைத்துக்கொண்டிருந்தால், அன்றைக்கு இந்த வசதியை மறந்துவிடுவதே நல்லது.

மூன்றாவதாக, ஒரு பகற்பொழுதில் கிருஷ்ணகிரி நகரைக் கடந்து 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தருமபுரி நோக்கிச் செல்லுங்கள். வேகத்தை 80 கிலோமீட்டர் என வைத்து, இடைவெளியை மிக அதிகமான அளவில் அமையுங்கள். அந்த வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் ஓடுகிறது. இரண்டு நொடி இடைவெளி என்பது 44 மீட்டர். அந்த இடத்தில் யாராவது நுழையத்தான் செய்வார்கள். கார் தானே வேகம் குறைத்து மீண்டும் இடைவெளி விடும், நீங்கள் பொறுமை காத்தால் போதும். கைகள் ஸ்டீயரிங்கிலும், கால் பிரேக்குக்கு அருகிலும் இருக்கட்டும். கோடு அழிந்த இடங்களில் கோடுகாக்கும் வசதியை நம்ப வேண்டாம்.

காவேரிப்பட்டணம், காரிமங்கலம் பக்கம் ஒரு விஷயத்தை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சாலையோரத்தில் நிற்கும் லாரியைப் பல கார்களின் வேகக் கட்டுப்பாடு கண்டுகொள்ளாமல் போகக்கூடும். பெயர்ப்பலகை, பாலம், தடுப்புச்சுவர் என அசையாத பொருள்கள் எல்லாமே ரேடார் அலையைத் திருப்பி அனுப்புவதால், ஒவ்வொன்றுக்கும் பிரேக் போடாதிருக்க, அசையாதவற்றில் பலவற்றைக் கணினி ஒதுக்கிவிடுகிறது. மாங்காய்ப் பருவத்தில் பின்விளக்கில்லாமல் ஊர்ந்துவரும் டிராக்டர்களும், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகளும் இதே அளவு ஆபத்தானவை. இவற்றைக் கண்டவுடன், கார் பார்த்துக்கொள்ளும் என்று காத்திராமல், நீங்களே பிரேக்கை மிதியுங்கள்.

தருமபுரியைத் தாண்டி, தொப்பூர் கணவாயின் இறக்கம் தொடங்குமுன் வசதியை முழுவதும் அணைத்துவிடுங்கள். வளைவில் முன்வண்டி ரேடாரின் பார்வையிலிருந்து விலகினால், பாதை காலியாகிவிட்டதென்று எண்ணிக் கார் வேகமெடுக்கக்கூடும். தாழ்ந்த கியரில் இறங்கினால் என்ஜினே வேகத்தைக் கட்டும், பிரேக் சூடேறாது. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கி, பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகள்தான் இங்கே பெரிய அச்சம். அவை பின்னாலிருந்து வருகின்றன. வேகக் கட்டுப்பாட்டின் ரேடாரோ முன்னால் மட்டுமே பார்க்கிறது. ஆகவே இரட்டைப் பாலம் கடக்கும் வரை பின்பார்வைக் கண்ணாடியை அடிக்கடி பாருங்கள்.

இறக்கம் முடிந்து சாலை நேரான பின், பழைய வேகத்தை மீட்டுத்தரும் பொத்தானை அழுத்தாமல், அப்போதைய வேகத்தையே புதிதாகப் பதியுங்கள்.